எச்ஆர்வி கருவி செய்து மனநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பதிவு

ஸ்மார்ட்வாட்ச் காட்டுகிற 'மன அழுத்த' மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையில் இறங்கினேன். அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது எச்ஆர்வி, அதாவது அடுத்தடுத்த இதயத்துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்கிற அளவு. வாட்ச் அந்த இடைவெளிகளைத் திரையில் காட்டுவதில்லை. உள்ளேயே கணக்குப் போட்டு முடித்து ஒரு எண்ணையும் ஒரு நிறத்தையும் மட்டும் காட்டுகிறது. எனக்கு வேண்டியது இடைவெளிகள். எந்தத் துடிப்பு எந்த மில்லிவிநாடியில் வந்தது என்று தெரிந்தால்தான், மனம் கலங்கும்போது என்ன மாறுகிறது, மனதுக்குச் சம்பந்தமே இல்லாமல் என்ன மாறுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். இரண்டாவது பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நீளம். இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் உடலில் நடப்பது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் 1000 மில்லிவிநாடிக்கு ஒன்று என்று கணக்குப் போடுவோம். நலமான இதயம் அப்படித் துடிப்பதில்லை. 960, 1010, 1055, 1020, 970 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவை எந்த நரம்பும் தொடாமல் விட்டால், இளவயதில் அது நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிப்பைக் கிளப்பும். ஓய்வில் 60, 70 என்று இறங்குவது வேகஸ் நரம்பு போடும் பிரேக்கினால். வேகஸ் வெளியிடும் அசிட்டைல்கோலின் ஒரு துடிப்புக்குள்ளாகவே வேலை செய்துவிடும், அதே வேகத்தில் காணாமலும் போய்விடும். எதிர்ப்பக்கம் இருக்கும் சிம்பதெடிக் நரம்புகள் நோர்அட்ரினலின் வழியாக வேலை செய்பவை. அவற்றின் விளைவு தெரிய சில விநாடிகள் ஆகும், அடங்கவும் நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சட்டென்று தெரியும் வித்தியாசம் அநேகமாக வேகஸின் கைவரிசை.

மனநிலையோடு தொடர்பு இங்கேதான் வருகிறது. வேகஸின் இதயக் கிளை கிளம்புவது மூளைத்தண்டிலிருந்து. அந்த இடத்தை அமிக்டலா, முன்நெற்றிப் புறணி போன்ற பகுதிகள் மேலிருந்து பாதிக்கின்றன. அச்சுறுத்தல் என்று மூளை முடிவு செய்தால் பிரேக் தளர்கிறது, இடைவெளிகள் சுருங்கி ஒரே சீராகின்றன. ஜூலியன் தேயரும் ரிச்சர்ட் லேனும் 2000ல் முன்வைத்த கோட்பாடு இந்தப் பாதையைத்தான் உணர்ச்சிக் கட்டுப்பாட்டோடு இணைக்கிறது. கோட்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே பாதையை மூச்சும் ரத்த அழுத்தமும் தூக்கமும் காய்ச்சலும் பயன்படுத்துகின்றன என்பதை மறக்கக் கூடாது.

கருவி

மார்பில் ஈசிஜி எடுப்பதற்கு ஏடி8232 சிப் உள்ள சின்ன போர்டு, பதிவு செய்ய இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப், ஒரு மெமரி கார்டு மாட்யூல், ஒரு லித்தியம் பேட்டரி. மூன்று ஒட்டு எலக்ட்ரோடுகள்: இரண்டு காறை எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொன்று, மூன்றாவது இடது கீழ் விலா அருகே. கையில் ஒட்டினாலும் சிக்னல் வரும், ஆனால் விரலை அசைத்தாலே தசையின் மின்சாரம் கலந்துவிடும். மார்பில் ஒட்டினால் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போதுகூட ஓரளவு தாங்குகிறது. ஒட்டுமுன் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஈசிஜி வரைபடத்தின் அடிப்படைக் கோடே மேலும் கீழும் அலையும்.

பேட்டரியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலக்ட்ரோடு உடம்பில் ஒட்டியிருக்கும்போது கருவியை யூஎஸ்பி வயர் வழியாக, சுவர் சாக்கெட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் கணினியோடு இணைக்கவே கூடாது. சார்ஜரில் ஒரு பழுது ஏற்பட்டால் மின்சாரம் நேராக மார்புக்குப் போக வழி இருக்கிறது. மருத்துவமனை ஈசிஜி இயந்திரங்களில் இதற்கென்றே தனிமைப்படுத்தும் சுற்று வைத்திருப்பார்கள், இந்தச் சின்ன போர்டில் அது கிடையாது. அதனால் கார்டில் பதிந்து, எலக்ட்ரோடுகளைக் கழற்றிய பிறகுதான் கணினிக்கு மாற்றுகிறேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் சாம்பிள் எடுப்பது, அதாவது சிக்னலை விநாடிக்கு எத்தனை தடவை (ஹெர்ட்ஸ்) அளப்பது? ஐரோப்பிய இதயவியல் சங்கமும் வட அமெரிக்கப் பேசிங், மின்னுடலியல் சங்கமும் சேர்ந்து 1996ல் வெளியிட்ட எச்ஆர்வி தரநிலை 250 முதல் 500 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்கிறது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸில் ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் 10 மில்லிவிநாடிக் கட்டத்தில் எங்காவது விழும். ஒருவருடைய உண்மையான துடிப்புக்குத் துடிப்பு மாறுபாடு 40 மில்லிவிநாடி என்றால், கட்டப் பிழை சேர்ந்து 40.6 என்று வரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. உண்மை மதிப்பு 10 ஆக இருப்பவருக்கோ அது 12.2 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை. மாறுபாடு குறைவாக இருப்பவர்களிடம்தான் துல்லியம் தேவை, அவர்களிடம்தான் கருவி தடுமாறும். நான் 500 ஹெர்ட்ஸ் வைத்தேன்.

இஎஸ்பி32ன் அனலாக் உள்ளீடு கொஞ்சம் இரைச்சலானது. இந்த வேலைக்கு அது பெரிய குறையில்லை. நமக்கு வேண்டியது அலையின் உயரமல்ல, உச்சம் வந்த நேரம். நேரத்தில்தான் சுணக்கம் கூடாது. மெமரி கார்டில் எழுதும்போது சில சமயம் பத்து, இருபது மில்லிவிநாடிகூட நின்றுவிடும். அந்த நேரத்தில் சாம்பிள் எடுப்பதும் நின்றால் இல்லாத மாறுபாடு உருவாகும். அதனால் சாம்பிளிங் ஒரு டைமரின் கட்டுப்பாட்டில், சிப்பில் உள்ள இரண்டு கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றில் ஓடுகிறது, கார்டில் எழுதுவது இன்னொரு கோரில், நடுவே தற்காலிகமாகத் தேக்கிவைக்க ஒரு பஃபர். ஒவ்வொரு தொகுதிக்கும் மைக்ரோவிநாடி முத்திரையும் சேர்த்து எழுதுகிறேன், பிறகு சரிபார்க்க உதவும். வைஃபை, ப்ளூடூத் இரண்டும் அணைத்துவிட்டேன்.

உச்சத்தைப் பிடிப்பது

ஈசிஜியில் ஊசி போல் எழும் ஆர் அலைதான் நம் அடையாளம். அதைக் கண்டுபிடிக்க 1985ல் பானும் டாம்ப்கின்ஸும் கொடுத்த முறை இன்றும் போதும். 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டு, சரிவைக் கண்டுபிடி, வர்க்கமாக்கு, 150 மில்லிவிநாடி சாளரத்தில் கூட்டு, அப்புறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வரம்போடு ஒப்பிடு. ஒரு துடிப்புக்குப் பிறகு 200 மில்லிவிநாடிக்குள் இன்னொன்று வர முடியாது என்பதால் அந்த இடைவெளியில் எதையும் ஏற்பதில்லை. இந்த முறை 'இங்கே ஒரு துடிப்பு இருக்கிறது' என்று சொல்லும், சரியான நேரத்தைச் சொல்லாது, கூட்டும் சாளரம் நேரத்தைக் கரைத்துவிடும். அதனால் அது காட்டும் இடத்தைச் சுற்றி மூல சிக்னலுக்கே திரும்பிப் போய் உச்சத்தைத் தேடி, பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளில் ஒரு பரவளையத்தைப் பொருத்தி நேரத்தை எடுக்கிறேன்.

சரிபார்க்க ஒரு மார்புப் பட்டையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். போலார் எச்10 போன்ற பட்டைகள் ப்ளூடூத் வழியாகத் துடிப்பு இடைவெளிகளை அப்படியே அனுப்புகின்றன. இதை முயல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ப்ளூடூத் தரநிலையில் அந்த இடைவெளிகளின் அலகு மில்லிவிநாடி அல்ல, ஒரு விநாடியின் 1024ல் ஒரு பங்கு. 1024 என்று வந்தால் சரியாக ஒரு விநாடி. மாற்றாமல் விட்டால் எல்லாமே 2.4 சதவீதம் வீங்கியிருக்கும். ஒரு பொட்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடைவெளிகளும் வரலாம், முதலாவதை மட்டும் எடுத்தால் துடிப்புகள் காணாமல் போகும். இரண்டு பதிவுகளையும் நேரத்தில் பொருத்த எளிய வழி, நடுவே ஓர் ஆழ்ந்த மூச்சு. அது இரண்டு வரிசையிலும் ஒரே வடிவப் பள்ளத்தைப் பதித்துவிடும். அப்படிப் பொருத்திப் பார்த்ததில் இரண்டும் சில மில்லிவிநாடிகளுக்குள் ஒத்துப்போயின. சரி, கருவியை நம்பலாம்.

விரலில் ஒளி பாய்ச்சி நாடி பார்க்கும் மேக்ஸ்30102 சென்சாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசையாமல் படுத்திருந்தால் நன்றாகவே வருகிறது. எழுந்து உட்கார்ந்தாலோ பேசினாலோ விலகுகிறது. காரணம் சென்சாரின் தரம் மட்டுமல்ல. நாடி அலை இதயத்திலிருந்து விரலுக்கு வந்து சேரும் நேரமே ரத்த அழுத்தத்தைப் பொறுத்து மாறும். தவிர, அந்த அலையின் உச்சம் மழுங்கலானது, ஈசிஜி ஊசியைப்போல் கூர்மையாக இருக்காது. மணிக்கட்டு வாட்சுகள் பெரும்பாலும் உறக்கத்தில் எடுத்த அளவையே முதன்மையாகக் காட்டுவதற்கு இது நல்ல காரணம்.

ஒரு துடிப்பு தவறினால்

என் கணக்கில் மிக அதிக நேரம் பிடித்தது சுத்தப்படுத்தும் வேலைதான். எச்ஆர்வியில் பரவலாகப் பயன்படும் அளவு ஆர்எம்எஸ்எஸ்டி: அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. வர்க்கமாக்குவதால் ஒரே ஒரு பெரிய பிழை மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

5 நிமிடப் பதிவு, நிமிடத்துக்கு 60 துடிப்பு, உண்மையான ஆர்எம்எஸ்எஸ்டி 30 என்று வைத்துக்கொள்வோம். நிரல் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் அங்கே 2000 மில்லிவிநாடி இடைவெளி ஒன்று தோன்றும். முன்னும் பின்னும் 1000 அளவில் இரண்டு வித்தியாசங்கள். கணக்குப் போட்டால் ஆர்எம்எஸ்எஸ்டி 30லிருந்து 87க்கு எகிறும். சுமார் 300 துடிப்பில் ஒன்று! துடிப்பு தவறாவிட்டாலும், இதயமே முன்கூட்டி ஒன்றைத் துடிப்பதுண்டு. 600, அதை ஈடுகட்ட 1400 என்று வரும். அப்போது 30 என்பது 64 ஆகிவிடும். இப்படிப்பட்ட முந்திய துடிப்புகள் நலமாக இருப்பவர்களுக்கும் அவ்வப்போது வருபவைதான். ஆனால் அது சைனஸ் கணுவிலிருந்து வராத துடிப்பு, வேகஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது. செயலி ஒன்று திடீரென்று 'இன்று மிக அமைதியாக இருக்கிறீர்கள்' என்று சொன்னால், அந்தப் பதிவில் இப்படி ஒரு துடிப்பு ஒளிந்திருக்க வாய்ப்புண்டு.

நான் வைத்திருக்கும் விதி: சுற்றியுள்ள சில இடைவெளிகளின் இடைநிலை மதிப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் குறியிடு. குறியிட்டதை அழித்துவிட்டு மிச்சத்தை ஒட்டக் கூடாது, ஒட்டினால் பக்கத்தில் இல்லாத இரண்டு இடைவெளிகள் பக்கத்தில் வந்து புதுப் பிழை பிறக்கும். குறியிட்ட துடிப்பைத் தொடும் வித்தியாசங்களை மட்டும் கணக்கிலிருந்து விலக்குகிறேன். குறிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பதிவையே ஒதுக்கிவிடுகிறேன். பெரிய ஏற்ற இறக்கம் உள்ள இளைஞர்களுக்கு 20 சதவீதம் இறுக்கமாக இருக்கலாம், ஆழ்ந்த மூச்சில் உண்மையான துடிப்பே அந்த எல்லையைத் தொடும். அதனால் குறியிட்ட ஒவ்வொன்றையும் ஈசிஜி வரைபடத்தில் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன். அலுப்பான வேலை, ஆனால் மூல ஈசிஜி கையில் இருப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. அப்புறம், இப்படிப்பட்ட துடிப்புகள் அடிக்கடி வந்தாலோ மயக்கம், மார்புப் படபடப்போடு வந்தாலோ, இந்தக் கருவியை வைத்து ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எண்களைப் பற்றி இன்னொன்று. ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்டிஎன்என், அதாவது எல்லா இடைவெளிகளின் திட்டவிலக்கம். ஊரா மோதிரமும் ஊப் பட்டையும் காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டி. இரண்டும் மில்லிவிநாடியில் இருப்பதாலேயே ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. 1987ல் க்ளைகரும் உடன் ஆய்வாளர்களும், மாரடைப்புக்குப் பிறகு எஸ்டிஎன்என் 50க்குக் கீழே இருப்பவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்று கண்டார்கள். அது மாரடைப்பு வந்தவர்களிடம் 24 மணி நேரம் எடுத்த அளவு. தன் வாட்சில் ஒரு நிமிடப் பதிவில் 40 என்று பார்த்துவிட்டு இந்த 50ஐ நினைத்துப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது வேறு கணக்கு.

மூச்சுதான் பெரிய ஆள்

கருவி தயாரானதும் முதலில் மனதைச் சோதிக்கவில்லை, உடலைச் சோதித்தேன். படுத்தபடி ஒரு பதிவு, எழுந்து நின்று ஒரு பதிவு. நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது, கழுத்திலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொள்கின்றன, பிரேக் தளர்கிறது. ஆர்எம்எஸ்எஸ்டி பாதிக்கும் கீழே போய்விட்டது. என் மனதில் எந்த மாற்றமும் இல்லை, வெறுமனே எழுந்து நின்றேன். அன்றாட வாழ்வில் வரும் எந்த மனக்கலக்கமும் என் பதிவில் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் காட்டியதில்லை.

அடுத்து மூச்சு. உள்ளிழுக்கும்போது துடிப்பு வேகமாகும், வெளிவிடும்போது மெதுவாகும். கார்ல் லுட்விக் 1847லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். மெதுவாக, நிமிடத்துக்கு 6 மூச்சு என்று விட்டால் இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மலைபோல் எழும்புகிறது. ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் உடலின் சுற்று ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும் இயல்புடையது. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்று என்று வந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று வளர்க்கின்றன. பால் லேரர், எவ்ஜெனி வாஷில்லோ போன்றவர்கள் உருவாக்கிய எச்ஆர்வி பயோஃபீட்பேக் இந்த ஒத்ததிர்வையே அடிப்படையாகக் கொண்டது. ஆளுக்கு ஆள் அது சற்று மாறும், சுமார் 4.5 முதல் 6.5 மூச்சு வரை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இடைவெளிகளை அலைவரிசைகளாகப் பிரித்தால் 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை உயர் பட்டை, 0.04 முதல் 0.15 வரை தாழ் பட்டை. தாழ் பட்டையை உயர் பட்டையால் வகுத்து 'மன அழுத்த விகிதம்' என்று காட்டும் செயலிகள் உண்டு. உயர் பட்டையில் மூச்சு தெரியும் என்பது நிமிடத்துக்கு 9க்கு மேல் மூச்சு விடுபவருக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் 9 மூச்சு என்பதே 0.15 ஹெர்ட்ஸ். கண்ணை மூடி நிதானமாக 6 மூச்சு விட்டால் அது 0.1 ஹெர்ட்ஸ், முழுக்கத் தாழ் பட்டைக்குள் விழுகிறது. விகிதம் பல மடங்கு எகிறுகிறது. ஆழ்ந்த அமைதியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்துக் கணக்கு 'கடும் அழுத்தம்' என்று சொல்லும். நானே பலமுறை பதிவு செய்து பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அதே கதைதான். இந்த விகிதம் சிம்பதெடிக்கும் வேகஸும் நடத்தும் இழுபறியை அளக்கவில்லை என்று ஜார்ஜ் பில்மன் 2013ல் விரிவாக எழுதினார். அதன்பிறகும் அதை விடாமல் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் நிரலில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஆர்எம்எஸ்எஸ்டியும் மூச்சுக்குத் தப்பியதல்ல. இடைவெளி 1000ஐச் சுற்றி 50 மேலும் 50 கீழும் அலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎன்என் எந்த வேக மூச்சிலும் 35தான். ஆனால் ஆர்எம்எஸ்எஸ்டி நிமிடத்துக்கு 15 மூச்சில் 50, 6 மூச்சில் 22. அலையின் உயரம் ஒன்றே, வேகம் மட்டும் வேறு, எண் பாதிக்கும் கீழே. நிஜத்தில் மெதுவான மூச்சில் அலையே உயர்வதால் இது ஓரளவு ஈடாகிவிடும். எந்த அளவுக்கு ஈடாகும் என்பது ஆளையும் அன்றைய உடலையும் பொறுத்தது. மூச்சின் வேகம் தெரியாமல் இரண்டு நாள் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்ற முடிவுக்கு இதனால்தான் வந்தேன்.

மனதுக்குள் கணக்கு

மூச்சின் ஆதிக்கம் புரிந்த பிறகு மனச் சோதனைக்கு வந்தேன். 1000லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போவது பழைய, நல்ல முறை. சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்தால் வரைபடம் தாறுமாறாக மாறுகிறது. ஆனால் பேசும்போது நாம் சட்டென்று இழுத்து, நீளமாக விடுகிறோம், மூச்சின் தாளமே வேறு. அதே கணக்கை வாய் திறக்காமல் செய்தால் மாற்றம் மிகவும் அடக்கமானது: துடிப்பு சற்றே கூடுகிறது, ஆர்எம்எஸ்எஸ்டி சற்றே இறங்குகிறது. சத்தமாகச் சொன்னபோது கண்டதில் பெரும்பங்கு பேச்சினுடையது. எந்தச் சோதனையிலும் ஆளைப் பேசவைத்து எச்ஆர்வி எடுத்திருந்தால் நான் இப்போது முதலில் கேட்பது, வெறுமனே பேசவைத்து ஒரு ஒப்பீட்டுப் பதிவு எடுத்தார்களா என்றுதான்.

இன்னொரு சோதனை. எனக்கு அச்சம் தரும் ஒரு பேச்சுக்கு முந்தைய ஐந்து நிமிடம், ஆவலோடு காத்திருந்த ஒரு நல்ல செய்திக்கு முந்தைய ஐந்து நிமிடம். இரண்டிலும் உட்கார்ந்தபடி, வாய் திறக்காமல். இரண்டு பதிவுகளையும் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரேக் தளர்ந்திருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. தளர்த்தியது பயமா மகிழ்ச்சியா என்று துடிப்பு சொல்லாது. மனநிலையை எச்ஆர்வி 'கண்டுபிடிக்கும்' என்று சொல்லும்போது, கிளர்ச்சியின் அளவை ஓரளவு காட்டும் என்பதுதான் அதில் உள்ள உண்மை. உணர்ச்சியின் பெயர் அதில் கிடையாது.

மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் சராசரியாக எச்ஆர்வி குறைவு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிறகு நிற்கும் செய்தி, ஆண்ட்ரூ கெம்ப் குழுவினரின் 2010 தொகுப்பாய்வு அதில் முக்கியமானது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. இரண்டு கூட்டங்களின் எண்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தே கிடக்கும். ஒரு தனி ஆளின் எண்ணைப் பார்த்து 'இவருக்கு மனச்சோர்வு' என்று சொல்ல வழியில்லை. வயது ஏறினாலே எண் இறங்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரக மனச்சோர்வு மருந்துகளே எச்ஆர்வியைக் குறைப்பவை, நோயின் தடமா மருந்தின் தடமா என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கே கடினம். மனம் மிகவும் கனத்திருக்கும் ஒருவர், எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக உதவி தேடாமல் இருந்துவிடக் கூடாது. இதை எழுதும்போது எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

தினசரிப் பதிவு

ஒருவரைத் தன்னோடு தானே ஒப்பிடும்போதுதான் எச்ஆர்வி பேசத் தொடங்குகிறது. அதனால் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, வேறு எதுவும் செய்யுமுன் நாற்காலியில் உட்கார்ந்து 5 நிமிடப் பதிவு. முதல் நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, உடல் அடங்க அந்த நேரம் தேவை. மூச்சைக் கட்டுப்படுத்துவதில்லை, இயல்பாக விடுகிறேன். ஆர்எம்எஸ்எஸ்டியின் மடக்கையை எடுத்து 7 நாள் நகரும் சராசரியோடு வரைகிறேன். மடக்கை எதற்கென்றால், மூல எண்கள் மேல்பக்கம் வாலிழுத்துப் பரவியிருக்கும், ஒரு உயர்ந்த நாள் வாரச் சராசரியையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதில் மிக முக்கியமான ஏற்பாடு இதுதான்: மனநிலையை எழுதிவிட்டுத்தான் எண்ணைப் பார்க்கிறேன். 1 முதல் 10 வரை ஒரு மதிப்பு, பக்கத்தில் ஒரு வரி. எண்ணை முதலில் பார்த்தால், குறைந்த எண் மனதையே இறக்கிவிடும். 'அப்படியானால் நான் சோர்வாகத்தான் இருக்கிறேன் போலும்' என்று தோன்றிவிடும். அப்புறம் அந்த இரண்டு வரிசைகளும் ஒத்துப்போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் வாட்ச் முதல் வேலையாக எண்ணைக் காட்டும் வடிவமைப்பு எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

மாதக்கணக்கில் சேர்ந்த வரிசைகளைப் பார்க்கும்போது, தனித்தனி நாட்களில் மனநிலை மதிப்பும் எச்ஆர்வியும் கைகோத்து நடக்கவில்லை. எரிச்சலோடு எழுந்த நாளில் எண் உயர்ந்திருக்கும், உற்சாகமான நாளில் இறங்கியிருக்கும். அதே சமயம் கவலை பல நாள் நீண்ட காலங்களில் 7 நாள் சராசரி தெளிவாகக் கீழே இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்தைத் தூக்க நேரத்தோடு வைத்துப் பார்த்தேன். கவலை இருந்தும் நன்றாகத் தூங்கிய நாட்களைத் தனியாக எடுத்தால் இறக்கத்தின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. என் விஷயத்தில் கவலை இதயத்துக்கு வருவது பெரும்பாலும் தூக்கத்தின் வழியாக. இதை அறிந்ததுதான் மொத்த வேலையிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள செய்தி. கவலையை நினைத்தவுடன் நிறுத்த முடியாது, படுக்கைக்குப் போகும் நேரத்தை மாற்ற முடியும். மாற்றினேன். வரைகோடு மேலே வந்தது, பகலில் கவலையைத் தாங்கும் தெம்பும் கூடியதாக உணர்ந்தேன்.

காய்ச்சலைத்தான் இது எல்லாவற்றையும்விடக் கூர்மையாகப் பிடிக்கிறது. தொண்டை கரகரக்கத் தொடங்குமுன்பே ஓய்வுத் துடிப்பு ஏறி ஆர்எம்எஸ்எஸ்டி சரிந்திருக்கிறது. மனநிலை வரியில் அன்று 'நன்றாக இருக்கிறேன்' என்றே எழுதியிருப்பேன். ஒரு சரிவைக் கண்டவுடன் 'மன அழுத்தம்' என்று பெயர் வைப்பது எவ்வளவு அவசரமான முடிவு என்பதற்கு இந்த நாட்களே சாட்சி.

இப்போதைக்கு நிரலில் சேர்த்திருக்கும் கடைசி மாற்றம் மூச்சை அளப்பது. தனியாக மார்புப் பட்டை எதுவும் தேவைப்படவில்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிவதால் எலக்ட்ரோடுகளுக்கும் இதயத்துக்கும் உள்ள தொலைவும் திசையும் மாறுகின்றன, ஆர் அலையின் உயரமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. உச்சங்களின் உயரங்களை வரிசையாக எடுத்து இணைத்தாலே மூச்சின் அலை கிடைத்துவிடுகிறது. ஆகவே இனி ஒவ்வொரு பதிவிலும் ஆர்எம்எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணும் நிற்கும். 9க்குக் கீழே இருந்தால் அந்தப் பதிவு வேறு நிறத்தில் வரையப்படும், நகரும் சராசரியில் சேராது. பழைய ஃபைல்களில் மூல ஈசிஜி இருப்பதால் அவற்றையும் இதே வழியில் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடையில் 'நல்ல நாட்கள்' என்று நான் குறித்து வைத்திருந்தவற்றில் சில, வெறும் மெதுவான மூச்சு நாட்கள் என்று தெரியவருகின்றன.